நாளுக்கு முப்பது கிராம்

சடையங்குப்பத்தில் ராஜாத்தி வளர்த்த கிடேரியின் உடம்பில் ஏற வேண்டிய எடையில் தினமும் முப்பது கிராம், நடுவிலிருந்த செங்கல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடம்பில் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றும் இல்லை, இருபத்தொன்பதும் இல்லை. ஜூன் மாதம் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரை இது நடந்தது. டப்பாவில் அள்ளித் தீனி போடுகிற வீடாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. அந்தப் பக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறதோ, யார் கண்டது. ராஜாத்தி நிறுத்துப் போடுகிறவள், அதனால் வெளியே வந்தது.

மணலிச் சாலையோரக் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் சரக்கு எடை போடுவது அவள் வேலை. முந்தைய வருஷம் விம்கோ நகர் மாட்டுக் கண்காட்சிக்கு ஒரு கன்றை ஓட்டிப்போய், நாலு கிலோ குறைகிறது என்று வாசலோடு திரும்பி வந்தாள். ஆலைப் புகையைத் தின்கிற மாடு எங்கே தேறும் என்று அங்கே யாரோ சொல்லிச் சிரித்தது அவளுக்கு உறைத்துவிட்டது. அடுத்து வாங்கியதுதான் சோழி என்ற வெள்ளை ஓங்கோல் கிடேரி. பல் போடாத கிடேரிப் பிரிவில் சேர முந்நூறு கிலோ வேண்டும். அடுத்த வருஷம் சோழிக்குப் பல் விழுந்து முளைத்துவிடும் என்பதால் இந்தப் பொங்கலை விட்டால் வேறு வழியில்லை. மாட்டு டாக்டர் சௌக்கத் அலி, புல்லும் வைக்கோலும் போக, அடர்தீனி மூன்று கிலோ என்று வரம்பு சொல்லியிருந்தார். சோளமாவு, தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் அந்த மூன்று கிலோவுக்குள். கண்காட்சி நாளில் சரியாக முந்நூறைத் தொடும்படி வாரத்துக்கு நாலு கிலோ இருநூறு கிராம் ஏற வேண்டுமென்று ராஜாத்தி கணக்குப் போட்டாள். டோல்கேட்டில் தீவனக் கடை வைத்திருந்த நாசரேத்துக்காரர் ஞானதுரை அவள் உப்பைக்கூட நிறுப்பதைப் பார்த்து, "என்னம்மா, மாட்டுக்குத் தீனி போடுதியா, மவளுக்கு நகை எடுக்கியா?" என்று கேலி செய்தார். அவள் காதில் வாங்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் சோழியைக் கிடங்குக்கு ஓட்டிப்போய் இரும்பு மேடையில் ஏற்றுவாள். ஐந்து ஞாயிறு போனதும் ஒரு கிலோவும் கொஞ்சமும் காணாமல் போயிருந்தது. முதலில் ஞானதுரையின் தராசைச் சந்தேகப்பட்டு மூட்டைகளைக் கிடங்கில் நிறுத்துப் பார்த்தாள். சரியாக இருந்தன. பிறகு கணவன் வரதனைப் பிடித்தாள். அவள் ஓவர்டைம் பார்த்த இரண்டு நாள் பால்பவுடர் டப்பாவில் அள்ளிப் போட்டதை அவன் ஒப்புக்கொண்டான்.

"டப்பா ரொம்ப வழிச்சுத்தான் போட்டேன். அதுக்கு இன்னாம்மே இப்ப?"

"டப்பா ரொம்பறது வேற, எடை வேறய்யா. பழைய தவுடு சக்கையா கீது, ஒரு டப்பா நானூறு கிராம்தான் நிக்கும். இப்ப வந்துகினுகீறது நைஸு, அதே டப்பா ஐநூத்தி இருவது. நீ கொறைக்கலய்யா, ஜாஸ்தி போட்டுகீற."

ஜாஸ்தி போட்டவன் மேல் குறைந்த பழியைப் போட முடியாதென்று அவனை விட்டுவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ரேகா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ரேகாவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் கணவன் பீம்ராவும் ஏழு வருஷம் காத்திருந்து பெற்ற பெண் சங்கமித்ரா. குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தபோது ஒரு கிலோ எழுநூறு. தாய்ப்பால் உயிரைப் பிடித்து வைத்திருந்தது, எடைதான் ஏறவில்லை. இப்போது அங்கன்வாடியில் ஐந்து வாரமாக வாரம் தவறாமல் இருநூற்றுப் பத்து கிராம் ஏறுகிறதாம். ரேகா அட்டையை நீட்டினாள். ராஜாத்தி தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின, ஒரு கிராம்கூடச் சேதாரமில்லை. சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தவளிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

சோழியைக் கட்டியிருந்த கொட்டகையும் குழந்தையின் தூளியும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். விட்ட எடையைத் தீனியைக் கூட்டிப் பிடித்துவிடலாமா என்று சௌக்கத் அலியிடம் கேட்டாள். "மூணு கிலோவுக்கு மேல தெனம் ஒரு பிடி போட்டாலும் வவுறு உப்பிக்கும்மா, மாடு கையில நிக்காது" என்றார். அப்புறம் அவள் செய்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. சோழியை டோல்கேட்டுக்கு ஓட்டிப்போய் ஞானதுரையின் குடோனில் கட்டினாள். மூன்று நாள் அங்கேயே நிறுத்துத் தீனி வைத்தாள். சோழிக்கு ஏற வேண்டிய எடை முழுசாக ஏறியது. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது ரேகா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடியில் தினமும் நிறுத்துப் பார்த்தும் குழந்தை மூன்று நாளாக ஒரு கிராம்கூட ஏறவில்லையாம், காலும் ஜில்லென்று இருக்கிறதாம். ராஜாத்திக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்தாள். டோல்கேட்டிலிருந்து வெயிலில் சோழியை ஓட்டிவந்து, பழைய இடத்தில், முன்பைவிடச் சுவரை ஒட்டிக் கட்டினாள். வரதனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவன் வெகுநேரம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "போனா போவுது, நம்ம பக்கத்து வூடுதான?" என்றான். மறுநாள் குழந்தைக்கு முப்பது கிராம் ஏறியது.

அதற்குப் பிறகு அவள் இன்னும் கறாராக நிறுத்தாள். தீனி பிசகினால் சோழி படுத்துவிடும், சோழி படுத்தால் குழந்தையும் படுத்துவிடும். நவம்பரில் ஊருக்குள் தண்ணீர் ஏறி, தெருவே பள்ளிக்கூட மாடிக்குப் போனபோது, மற்றவர்கள் டிவியையும் பீரோச் சாமான்களையும் காப்பாற்ற, ராஜாத்தி இடுப்பளவுத் தண்ணீரில் தராசைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சோழியும் தூளியும் ஒரே வராந்தாவில் இருந்தன. அங்கேயும் முப்பதுதான் ஏறியது. இப்படி ஒரு பெண் எங்கள் பக்கத்தில் இருந்தாள் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

போனால் திருப்பி அனுப்புவார்கள் என்று நன்றாகத் தெரிந்தே அவள் ஜனவரியில் சோழியைக் கழுவி, கொம்பைத் துடைத்து, விம்கோ நகருக்கு ஓட்டிப்போனாள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூட வந்தது. மேடையில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று கிலோ எழுநூறு காட்டியது. எடை எழுதும் அதிகாரி தாமோதரன், ஆறு கிலோ முந்நூறு குறைகிறது என்று சொல்லி அடுத்த மாட்டைப் பார்த்தார். ராஜாத்தி கயிற்றைப் பிடித்துத் திருப்பினாள். வரதனால் பொறுக்க முடியவில்லை.

"கொறையல சார். மிச்சம் அதோ, அந்தம்மா இடுப்புல கீது!"

தாமோதரன் நோட்டையும் அங்கன்வாடி அட்டையையும் வாங்கி, டோல்கேட்டில் கட்டிய மூன்று நாள் உட்பட வரிவரியாக ஒப்பிட்டார். இருநூற்றுப் பத்து நாள், நாளுக்கு முப்பது. எடையைப் பிரித்துக் கொண்டுவரக் கூடாதென்று விதியில் இல்லை என்றார். ரேகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் ராஜாத்தியைப் பார்த்தாள். "யக்கா" என்றாள். பிறகு குழந்தையின் சட்டையையும் கொலுசையும் அரைஞாணையும் ஒவ்வொன்றாகக் கழற்றி பீம்ராவ் கையில் கொடுத்துவிட்டு, சங்கமித்ராவைச் சோழியின் முதுகில் உட்கார வைத்து, விழாமல் விரல் நுனியால் மட்டும் காவல் காத்தாள். சோழி அசையவில்லை. மேடை முந்நூற்றொரு கிலோ எழுநூறு காட்டியது. கூட்டம் கைதட்டியது, தாமோதரன் எழுதப் போனார்.

"இருங்க சார்," என்றாள் ராஜாத்தி. "அதுல ஒரு கிலோ எழுநூறு ரேகா பெத்துக் குடுத்தது. அது மாட்டோடது இல்ல. அத்த கழிச்சிட்டு எழுதுங்க."

தாமோதரன் கழித்தார். பல் போடாத கிடேரி, சடையங்குப்பம், முந்நூறு கிலோ என்று எழுதி, சோழியைக் களத்துக்குள் விட்டுவிட்டு, அடுத்த மாட்டை மேடையில் ஏற்றச் சொன்னார்.