சன்னாசியின் முன்னுரையும் டோக்கியோ மணியும்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை ஒரு முழ இடைவெளியில் பிறந்தது. புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் எதுவும் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் பேச்சு தானாகவே என் வீட்டுக்கு வந்துவிடும். நான் ஒட்டுக் கேட்பவள் அல்ல. (சரி, முக்காலியில் ஏறினேன். ஒரே ஒரு தடவை.)

2

'ஜப்பான்காரன் காலத்தில் சன்னாசி என்றொரு மாவீரன்...'

அந்த வரியை அடித்துவிட்டேன். சன்னாசி அட்டைக் கடிக்குப் பயந்து பயந்து பால்மரம் சீவுகிறவன்.

மறுபடி. 1943 கடைசி. சியோனானில் (பழைய சிங்கப்பூர்தான்) சுதந்திர இந்திய அரசு அமைந்ததாகச் செய்தி வந்தது. அது பிறந்த வரலாற்றைக் கட்டுரையாக எழுத சிரம்பானில் ஒரு சங்கம் ஆள் தேடியது. முதலில் திட்டமும் முன்னுரையும் போதும். பிடித்துப்போனால் அங்கேயே எழுத்து வேலை. அந்த வேலையில் இருப்பவரைச் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்கு அனுப்பமாட்டார்களாம்.

சயாம் பட்டியலில் சன்னாசி பெயர் இருந்தது. முன்னே போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

3

"இமயம் முதல் குமரி வரை..." என்று சன்னாசி உரக்க வாசித்தான்.

"ரெண்டையும் நீ பாத்தியா?" இது அவன் மனைவி பஞ்சாலை.

"கட்டுரைன்னா அப்படித்தாண்டி எழுதணும்."

"நீ பாத்ததெல்லாம் லுக்குட் கடத்தெரு. அதுலயும் காதர் பாய் கடையத் தாண்டல. பாத்தத எழுதுய்யா!"

காகிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதும் சத்தம். (முக்காலி இப்போதுதான்.) பிறகு வாசித்தான்: "இந்த நாடு எனக்குப் பின் பிறந்தது. அதன் மண்ணை நான் மிதித்ததில்லை. அது பிறந்த செய்தியைக் காலைப் பெரட்டில் கேட்டேன், தினமும் என் பெயரைக் கூப்பிடும் அதே இடத்தில்."

பஞ்சாலை கேலி செய்யவில்லை. எனக்குத்தான் தும்மல் வந்து காரியம் கெட்டது.

4

முன்னுரையையும் திட்டத்தையும் சனிக்கிழமை பன்னிரண்டுக்குள் காதர் மைதீன் கடையில் கொடுக்க வேண்டும். சிரம்பான் லாரி அங்கிருந்துதான் கிளம்பும். பத்து மணிக்கே சன்னாசி சைக்கிளோடு என் வாசலைத் தாண்டினான்.

"எங்கடா தம்பி, தலையெல்லாம் சீவிக்கிட்டு?"

"நேரமாச்சுக்கா."

"பன்னண்டுக்குத்தானே? எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டேன்!"

வாசித்தான். திட்டத்தையும் கேட்டேன். கையெழுத்தைக் குறை சொன்னேன். முக்கால் மணி நேரம் போனது.

(தோட்டம் வெயிலைப் பார்த்து வேலை செய்யும், பால் டோக்கியோவைக் கேட்டு வடியாது. கடைத்தெரு மட்டும் ஜப்பான் நேரம், ஒன்றரை மணி முன்னால். எங்கள் இருவருக்கும் அது நினைவில்லை.)

அவன் அரை மணி நேரம் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது கடைக் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

"லாரி போயிருச்சே தம்பி," என்றார் காதர் மைதீன். "குடுங்க. நாளைக்கு சிரம்பான் போறேன், குடுத்துப் பாக்குறேன். சரின்னா திங்கக்கிழம விடியமுன்ன வந்து சொல்றேன்."

5

திங்கள் பெரட்டு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி கையில் சயாம் பட்டியல், பின்னால் ஆள் ஏற்ற வந்த லாரி.

முடிவு ஒன்று: பாதையில் காதர் மைதீனின் சைக்கிள் மணி...

முடிவு இரண்டு: பஞ்சாலை சோற்றுப் பொட்டலத்தை லாரிக்குள் நீட்டி...

இரண்டும் எனக்கு எழுத வரவில்லை. வாசகரே, நீங்கள் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். மணி பத்துதான். சன்னாசி இன்னும் என் வாசலில் நிற்கிறான். அவனிடம் எதுவும் கேட்காதீர்கள். வழி விடுங்கள்.