சின்னய்யா தேடிய கார்புரேட்டர்

பண்ணை வீட்டு ஆள் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பில் சிரித்தபடி வந்தால் ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம். அதனால்தான் அந்த ஆனி மாதம் பண்ணையார் பெரியய்யாவின் மகன் சின்னய்யா நாகநாதன் என் நாற்றங்காலில் வந்து நின்றபோதே நான் உஷாரானேன்.

“நீலாம்பா, அப்பாவோட ஆஸ்டின் காரை மறுபடி ஓட வைக்கிறேன். எல்லாம் ஆயிருச்சு, கார்புரேட்டர் மட்டும்தான் இல்லை. அது இன்னும் உன் இன்ஜின்லதான் இருக்குன்னு சேக் தாவூது சொன்னாரு.”

சேக் தாவூது நீடாமங்கலத்து மெக்கானிக். சொன்னது உண்மைதான். பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற சாமான் அது. என் வீட்டுக்காரர் மருதையன் செத்த வருஷம் மார்கழியில் ஆற்றுத் தண்ணீர் நின்றுபோனது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து என் மண்ணெண்ணெய் இன்ஜினும் படுத்துவிட்டது. கொட்டகையில் சும்மா கிடந்த காரிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்தவர் பெரியய்யா. என் மேல் இரக்கப்பட்டு ஒன்றுமில்லை, பயிர் காய்ந்தால் அவருக்கு வரவேண்டிய நெல்லும் காய்ந்துவிடுமே! சேக் தாவூது நடுவில் ஒரு தகடு வைத்து அதை என் இன்ஜினில் பொருத்தினார். பெரியய்யா திருப்பிக் கேட்கவே இல்லை, அப்படியே கண்ணை மூடிவிட்டார்.

அத்தனை வருஷம் கேட்காததை இப்போது ஏன் கேட்கிறார்கள்? குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிகிற புதுச் சட்டம் வந்து, விசாரணைக்கு அதிகாரி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். அடுத்தது எங்கள் ஊர். பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு என்னை லேசில் இறக்க முடியாது. ஏறாவிட்டால் நான் வெறும் கூலிக்காரி. பண்ணைக் காரியஸ்தர் ரெங்கசாமியோ, எல்லாம் சொந்தச் சாகுபடிதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து ஊர் இளையபெருமாளுக்கு அப்படித்தான் நிலம் போனது. உழுதது பண்ணை மாடு, அதனால் சாகுபடியும் பண்ணையுடையது என்று ரெங்கசாமி அடித்துப் பேசிச் சாதித்துவிட்டார். என் இன்ஜினில் பண்ணைச் சாமான் இருப்பது தெரிந்தால் இன்ஜினே பண்ணையுடையது என்பார். அப்புறம் அது இறைத்த தண்ணீரும் அதில் விளைந்த நெல்லும் யாருடையது?

“அது எப்பவோ கெட்டுப்போச்சுங்க. பழைய இரும்போட பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டுட்டேன்” என்றேன்.

“ஐயோ, பேரீச்சம்பழத்துக்கா?” அவர் முகம் செத்துவிட்டது. “எந்த ஊர்க்காரன்?”

“பேராவூரணிப் பக்கமாட்டம் இருந்துச்சுங்க” என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் தலை மறைந்ததும் கார்புரேட்டரைக் கழற்றி, துணியில் சுற்றி நெல் குதிருக்குள் புதைத்தேன். இன்ஜினைச் சாக்குப் போட்டு மூடினேன். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு இன்னும் எட்டவில்லை. நாற்றுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி இடுப்பு விட்டுப்போனது.

சில நாளில் அவர் மறுபடி வந்தார். சட்டையெல்லாம் கறை. கையில் ஒரு பை, அதற்குள் பழைய கார்புரேட்டர்கள்.

“பேராவூரணியில ஒரு காயலான்கடை பாக்கி இல்ல நீலாம்பா. எல்லாம் பின்னாடி வந்த மாடலு. நம்ம காரு முப்பத்தாறு. பட்டணத்துல பழைய கார்ப் போட்டி வருது. ஒரு ஸ்குரூ வேற வருஷத்ததா இருந்தாக்கூட மார்க்கைக் குறைச்சிருவான்.”

ஒரு பழைய சாமானுக்காக எந்த மனுஷனாவது பேராவூரணி வரை அலைவானா? எல்லாம் ரெங்கசாமி சொல்லிக் கொடுத்த நாடகம் என்றே நினைத்தேன். இன்ஜினை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். அது ரிப்பேர், தொடாதீர்கள் என்றேன்.

அதிகாரி வந்த அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நிலத்துச் சொந்தக்காரர் என்று சின்னய்யாவும் வந்து நின்றார். ரெங்கசாமிதான் பேசினார்.

“மருதையன் இருந்தவரைக்கும் குத்தகை, அதை இல்லேங்கலை. அவன் செத்ததோட அது முடிஞ்சுபோச்சு. இந்தப் பொம்பள கூலிக்கு நிக்கிறா. அதோ இருக்குற இன்ஜின்கூட பண்ணையோடதுதாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “நாக்கு அழுகிப்போயிரும்! அது என் புருஷன் வாங்குன இன்ஜின்!” என்று கத்தினேன்.

“சாக்கை எடும்மா, பாப்போம்” என்றார் அதிகாரி. எடுத்தேன்.

சின்னய்யா ஒரே தாவலில் வந்து இன்ஜின் பக்கத்தில் குந்திவிட்டார். கார்புரேட்டர் இருந்த இடத்துத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“எண்ணெய் ஈரங்கூட காயலை. இப்பத்தான் கழட்டியிருக்கு!” என்று என்னை முறைத்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். “சார், இன்ஜின் பண்ணையோடது இல்ல. இவளோடதுதான். இதுல இருந்த கார்புரேட்டர்தான் எங்களோடது. மருதையன் செத்த வருஷம் இவ சாகுபடி காயுதுன்னு அப்பா இவகிட்ட குடுத்தாரு. வருஷா வருஷம் குத்தகை நெல்லு அளக்க வர்றப்ப எல்லாம் திருப்பிக் கேக்கணும்னு நெனப்பேன், விட்டுருவேன்.”

“தம்பி, தம்பி” என்று ரெங்கசாமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். “மருதையன் இறந்த பிறகும் இந்தம்மாதான் குத்தகை அளந்தாங்களா?”

“ஆமா சார்.”

“எழுதிக்கலாமா?”

“எழுதுங்க. கார்புரேட்டர் எங்க வீட்டோடதுன்னும் சேத்து எழுதுங்க.”

ரெங்கசாமி அதிகாரியின் காதில் குனிந்து என்னவோ முணுமுணுத்தார். அதிகாரி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, முடியாது என்றா என்று எனக்கு விளங்கவில்லை. காகிதத்தைத் திருப்பி வைத்து, “கைநாட்டு வைம்மா” என்றார். மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றிய பிறகும் எனக்கு மனசு வரவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறதோ யார் கண்டது? ரெங்கசாமியிடம் கேட்டால் படிக்கிற மாதிரிப் படிப்பார். அதிகாரியையும் நான் நம்பத் தயாராக இல்லை.

“சின்னய்யா, நீங்க படிங்க” என்றேன்.

அவர் எழுந்து வந்து படித்தார். “நீலாம்பாள், மருதையன் மனைவி, குத்தகைச் சாகுபடிதாரர்.” அப்புறம் நிலத்தின் எல்லையையும் ஒன்று விடாமல் படித்தார். நான் விரலை அழுத்தி வைத்தேன்.

ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடையைக் கட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“காரியஸ்தர் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போறாருன்னு தெரியுங்களா?”

“தெரியும் நீலாம்பா” என்றார் சின்னய்யா. “இல்லாததைச் சொல்லி ஒரு போட்டியிலயும் நான் ஜெயிக்க வேணாம். கார்புரேட்டரை எங்க வச்சிருக்க?”

அவரைச் சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் இப்படி ஒருத்தர் பிறப்பார் என்று நான் என்ன கனவா கண்டேன்?

“குதிருக்குள்ள இருக்கு, வாங்க” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.