இன்டர்வெல் விடட்டும்

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு கதவின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், கால் மரத்துப்போவதற்குள் முடிந்துவிடும்.

வாசற்கதவை அடைத்துக்கொண்டு கிடந்த நாற்காலியை மருமகள் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். மாமியாரை வெளியே எடுத்துப்போக வழி வேண்டுமே. சுமந்தவர்கள் தலையைக் குனித்து நிலையைத் தாண்டினார்கள். தன்னைக் கேட்காமல் ஓர் ஈயைக்கூட வெளியே விடாத மனுஷி, யாரையும் கேட்காமல் போனாள்.

சினிமா தியேட்டரில் வாசல் காத்தவள் அவள். டிக்கெட்டைக் கிழித்து, டார்ச் அடித்து, இருட்டில் இடம் காட்டியே மகனையும் மகளையும் ஆளாக்கினாள். வயதாகி நினைவு தப்பியபோது ஊர், உறவு, சற்றுமுன் சாப்பிட்டது எல்லாம் போயிற்று. வேலை மட்டும் போகவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிடுவாள். மகன் ஆபீசில் இருப்பான். ஆகக்கூடி மருமகள் ஒருத்திதான் அந்த வீட்டுக் கூட்டம். செருப்பில் கால் நுழைத்தால் போதும், டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும்.

“படம் ஓடுது. உள்ள போய் உக்காரும்மா.”

“பால் வாங்கணும் அத்தை.”

“இன்டர்வெல் விடட்டும்.”

கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், ஒருநாள் சுவரில் முகம் வைத்து அழுதாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்த வேலை அப்படித்தான் கைநழுவியது. ஒரு மத்தியானம் ஆத்திரம் தாளாமல் தம்ளரைக் கரண்டியால் டிங் டிங்கென்று தட்டினாள். மாமியார் சட்டென்று எழுந்து, நாற்காலியை இழுத்துக் கதவை விரியத் திறந்துவிட்டாள்.

“தள்ளாம போங்க. மறுபடி பெல் அடிச்சா சீட்டுக்கு வந்துடணும்.”

அன்று முதல் தினமும் ஓர் இன்டர்வெல். தெருமுனை வரை நடை, கொஞ்சம் காற்று, திரும்பி வருதல். அவ்வளவுதான் அவளுக்கு வெளி.

சுடுகாட்டுக் காரியம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கூடம் நிறைந்தது. டிக்கெட் இல்லாமல் நுழைந்த சொந்தத் தம்பியையே காதைப் பிடித்து வெளியே தள்ளியவள் என்று யாரோ சொல்ல, அழுத கண்ணோடே சிரித்தார்கள். கண்ணாடிக் கடைக்கார அக்கா மருமகளைத் தனியே அழைத்து, உன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை வந்துவிடு என்றாள். மருமகள் தலையாட்டினாள். அறுந்த செருப்பு வாரைத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

“சித்திக்கும் மறதி ஆரம்பிச்சிடுச்சு. பாவம், அவங்களுக்கு யாரு இருக்கா? அம்மா ரூம் சும்மாதான கெடக்கு. அண்ணி மாதிரி யாரு பாத்துப்பாங்க?”

“ஞாயித்துக்கெழம போய்க் கூட்டிட்டு வந்துடறேன்” என்றான் மருமகளின் புருஷன், தங்கையைப் பார்த்து.

“திங்கக்கெழம நான்…” என்று தொடங்கினாள் மருமகள்.

“ஆமா, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடு. நல்லவேளை ஞாபகப்படுத்துன.”

தங்கமான மருமகள் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். தங்கத்தைப் பூட்டித்தானே வைப்பார்கள். கண்ணாடிக் கடைக்கார அக்கா தரையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

உட்கார இடம் போதாமல், சுவரோரம் இருந்த நாற்காலியை யாரோ மறுபடி வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். அதில் கதவுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருந்தான் அவள் புருஷன்.

மருமகள் சமையலறைக்குப் போனாள். கழுவி வைத்த தம்ளர் ஒன்றை எடுத்தாள். கரண்டியைத் தேடி எடுத்தாள். டிங், டிங், டிங்.

கூடத்தில் பேச்சு ஒரு நொடி நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை.

“டீ ஆயிடுச்சா?” என்றது புருஷன் குரல். “எனக்குச் சக்கர கம்மியா.”

நல்லா இருங்க கண்ணுகளா. உங்க வீட்டுக் கதவு, உள்ளே இருந்து தட்டினாலும் திறக்கட்டும்.