மஸ்கட்டில் இன்னும் ஓடும் வள்ளம்

எங்கள் சசிதரன் சேட்டன் கையில் மைக்கைக் கொடுப்பது குரங்கு கையில் கொள்ளியைக் கொடுப்பது மாதிரி. அன்றைக்கு அது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் கொடுத்தார்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆற்றில் வள்ளங்களி, அதாவது படகுப் பந்தயம். சின்ன ஊர்ப் போட்டிதான். டி.வி.க்காரன் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான். ஆனால் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிப் போயிருக்கிற ஊர் இது. அவர்கள் பார்க்கட்டும் என்று இந்த வருஷம் கிளப்பில் ஒரு வெப்சைட் திறந்து, நேரலைக்கு என்னைப் பிடித்தார்கள். படகுத்துறைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் பின்ஸி நான்தான். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று எதுவானாலும் உடனுக்குடன் வெளிநாட்டுக்கு அனுப்புவது என் பிழைப்பு. அடக்கத்தில் மட்டும்தான் "என் முகம் தெரிஞ்சுதா?" என்று கேட்கமாட்டார்கள். கேட்டவர்களும் உண்டு.

இந்த முறை வேறு எவருக்காகவும் அல்ல, என் அக்கா சலோமி சேச்சிக்காகத்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் மஸ்கட்டில் நர்ஸ். அவள் புருஷன் லாலிச்சன் அச்சாயன், கிழக்குக்கரை வள்ளத்தில் அமரம் பிடிப்பவர். பின்னால் நின்று பெரிய துடுப்பால் வள்ளத்தின் போக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணமான நாள் முதல் சேச்சிக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு கிடைக்கும். அச்சாயன் அமரத்தில் நிற்பதை ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை. முட்டி போய்விட்டது, இதுதான் கடைசி வருஷம் என்று அச்சாயனே சொல்லிவிட்டார். சேச்சி கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை மணி நேரம் வாங்கியிருந்தாள்.

"பின்ஸி, இன்னிக்குப் படம் மட்டும் வரலைன்னா ஊருக்கு வந்து உன் கேமராவ எல்லாம் ஆத்துல போட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பேன்" என்று காலையிலேயே மிரட்டினாள்.

"வரும் சேச்சி. என் தலைமேல அடிச்சுச் சத்தியம்."

வள்ளங்கள் புறப்படும் இடத்தில் தென்னை மரத்தில் பரண் கட்டி என் புருஷன் ஜினு ஒரு கேமராவோடு உட்கார்ந்தான். முடியும் இடத்தில், தண்ணீருக்குள் கமுகுக்கழி நட்டுப் போட்ட மேடையில், இன்னொரு கேமராவும் லேப்டாப்புமாக நான். பக்கத்திலேயே போட்டியை அறிவிக்க மைக்கும் சசிதரன் சேட்டனும். படம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் போய்ச் சேருவதால் வெளிநாட்டில் கொஞ்சம் பிந்தித்தான் தெரியும். போன வருஷம் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுவதைப் பார்த்துத் துபாயில் ஒருவன் எழுந்து நின்று கூச்சல் போட்ட நேரத்தில் நாங்கள் இங்கே கை கழுவிப் பாயசத்துக்கு உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வள்ளங்கள் வரிசைக்கு வந்தன. நான் சேச்சியைச் சாதாரண போனில் பிடித்தேன்.

"பளிச்சுன்னு வருதுடி! தண்ணி தெரியுது, அந்தப் பாலம் தெரியுது!"

அப்போதுதான் சசிதரன் சேட்டன் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த நாட்டுக்காரர்களே! நம்ம வள்ளங்களி இந்த நிமிஷம் உலகம் பூராவும் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு! எல்லாரும் அவங்கவங்க போன எடுத்து நம்ம வெப்சைட்டத் திறங்க! உங்க மூஞ்சிய நீங்களே பாருங்க!"

போச்சுடா! இரண்டு கரையிலும் திருவிழாக் கூட்டம். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனைத் திறந்தார்கள். கையாட்டுவதும், போனைப் பார்ப்பதும், தெரியவில்லையென்று மறுபடி கையாட்டுவதுமாக ஒரே கூத்து. பாலத்துக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை டவர், பாவம், என்ன செய்யும்? லேப்டாப்பில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"பின்ஸி, நின்னுபோச்சு. அப்படியே நிக்குது" என்றாள் சேச்சி. குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

"சேட்டா, உங்க வாயில மண்ணு! எல்லாரையும் போனை அணைக்கச் சொல்லுங்க!"

அவர் முகம் வெளுத்துப்போய் அப்படியே சொன்னார். உடனே மேற்குக்கரையிலிருந்து பதில் வந்தது: "முதல்ல கிழக்குக்காரன் அணைக்கட்டும்! யாரு ஜெயிச்சதுன்னு தகராறு வந்தா ஆதாரம் வேணாமா?"

"ஓஹோ! நீங்க அணைங்க, அப்புறம் நாங்க அணைக்கிறோம்!" என்றது கிழக்கு.

நடுவில் வள்ளங்களை ஆறு இழுத்துக்கொண்டிருந்தது. போட்டியைத் தொடங்கி வைக்கக் கொடி பிடித்து நின்றவர் இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பார்? மைக்கைச் சசிதரன் சேட்டன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஏலியாம்மச்சி! ஆமா, உங்களத்தான், மஞ்சக் குடை! உங்க மகன் தோஹாவுல நின்னுபோன படத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். அவனுக்குக் குறுக்க நிக்கிறது யாரு? நீங்கதான்! பவித்ரன் சேட்டா, உங்க பொண்டாட்டி குவைத்துல லீவு போட்டுட்டு உக்காந்திருக்கா, நீங்க இங்க உங்க மீசையப் பாத்துக்கிட்டு இருக்கீங்க! கண்ணு முன்னால ஆறு ஓடுது, ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்திருக்கான், அதால பாத்தா ஆகாதா? வர முடியாதவங்களுக்குத்தான் இந்தப் படம். எங்க சேச்சி ஒரு தடவையாவது பாக்கட்டும்!"

கடைசி வார்த்தையில் என் குரல் உடைந்துவிட்டது. ஆறு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

ஏலியாம்மச்சிதான் முதலில் போனைச் சட்டைக்குள் செருகினாள். "எடா, அணைங்கடா! காது கேக்கலையா? பிள்ளைங்க பாக்க வேணாமா?" என்று பக்கத்தில் நின்றவன் கையில் ஓர் அடி வைத்தாள். எதிர்க்கரையில் பவித்ரன் சேட்டன் தம் போனை மடியில் கட்டினார். அதற்குப்பிறகு யாரும் யாரையும் முதலில் அணைக்கச் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தால், மைக் மேஜை மேல் இன்னொரு போனில் எங்கள் வெப்சைட் திறந்து கிடந்தது. சசிதரன் சேட்டன் அதை மெதுவாக எடுத்து அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

வட்டம் நின்றது. படம் நகர்ந்தது.

"வருதுடி!" என்று சேச்சி கத்தினாள். "எல்லாம் வரிசையா நிக்குது. அந்தப் பச்சைத் தலைப்பாகை அவரா?"

"அவரேதான்."

ஆனால் இங்கே கொடி விழுந்து வள்ளங்கள் பாதி தூரம் வந்திருந்தன. வட்டம் சுற்றிக்கொண்டு நின்றதில் படம் இன்னும் பிந்திவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டும் துடுப்பும் ஒரே தாளத்தில் வந்தன. கிழக்குக்கரை முன்னால் இருந்தது. பாலம் தாண்டியும் முன்னால்தான். எங்கள் மேடைக்குச் சற்று முன்பு மேற்குக்கரைக்காரர்களுக்கு என்ன வெறி பிடித்ததோ, எம்பி எம்பி வந்து ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அச்சாயன் துடுப்பைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். நீந்தி வந்து மேடைக்கழியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, தோற்றதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் கேட்டார்: "அவ பாத்தாளா?"

"பாத்துக்கிட்டே இருக்கா அச்சாயா" என்று போனைக் கொடுத்தேன்.

சேச்சி போட்ட கத்தல் எனக்கே கேட்டது. "லாலிச்சா! முன்னால இருக்கீங்க! பாலம் தாண்டிட்டீங்க! விடாதீங்க, விடாதீங்க!"

அச்சாயன் என்னைப் பார்த்தார். ஈர முகத்தில் சிரிப்பு விரிந்தது. "ஆமாடி, முன்னாலதான் இருக்கேன்! நல்லாப் பாத்துக்க!" என்று அவரும் கத்தினார்.

மேற்குக்கரையில் வெடி வெடித்தது. அவர் சட்டென்று போனை உள்ளங்கையால் பொத்தினார். அந்த நேரம் பார்த்து சசிதரன் சேட்டன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "வெற்றி பெற்ற வள்ளம்..." என்றார். அவ்வளவுதான், நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

"என்னடீ இது அக்கிரமம்!"

"ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருங்க சேட்டா. மஸ்கட்டுல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

அவருக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சேச்சி கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தல் நின்றது.

"தோத்துட்டீங்களா?"

"ம். ஒரு மூக்குதான்."

அச்சாயன் கழியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அந்தத் தலைப்பாகை உங்களுக்கு நல்லா இருக்கு" என்றாள் சேச்சி. மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க, இந்தப் படம் வெப்சைட்டுலயே இருக்குமா? திரும்பப் பாக்கலாமா?"

"இருக்குமாம். பின்ஸி தலைய ஆட்டுறா."

"அப்ப பாலம் தாண்டுற வரைக்கும் தினம் பாப்பேன். அங்க நிறுத்திடுவேன்."

அச்சாயன் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் அங்கதான்டி நிறுத்துவேன்" என்றார்.

நான் மைக் ஒயரைத் திரும்ப மாட்டினேன்.