தறிக்கோலால் ஒட்டிய டிராக்டர்

1

பதினாறு டன் டிராக்டரை ஆரணியின் நெசவாளர் தெருவில் இரண்டாகப் பிளந்து, மனைவியின் தறிக்கோல் ஒன்றை வைத்தே திரும்ப ஒட்டிய மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

(ஓரத்தில் பென்சிலில்: "ரெண்டு டன்னு இருக்கும். கொஞ்சம் கொறச்சி எழுதுங்க.")

பென்சில் ராஜம்மாளுடையது. என் மனைவி. பட்டு நெய்கிறவள். இந்தக் கதை பிறந்ததே அவளால்தான். போன ஆவணியில் அவள் தங்கை வீட்டுச் சீமந்தத்துக்குக் களம்பூர் போயிருந்த அன்று இது நடந்தது. திரும்பி வந்ததும் சொன்னேன். "எலி கடிச்ச கோலுக்கு இம்மாம் பெரிய கதையா" என்று கோலை மூலையில் போட்டாள். எழுதிக் காட்டினாலாவது நம்புவாளா என்று எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் முதல் வரியிலேயே பிடிபடுகிறேன். ஆகவே இனி அன்பழகன் என்றொருவர் வருவார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அழகர்.

("யாரு?")

2

முதல் தொடக்கம்: கமண்டல நாகநதியில் வெள்ளம் கரைபுரண்டு…

("ஆத்துல தண்ணி எங்க இருந்துது?")

இரண்டாம் தொடக்கம்: காலை ஒன்பது மணி. அன்பழகன் வாசலில் கருகல் நாற்றத்தோடு ஒரு கிழட்டு டிராக்டர் நின்றது. தேவிகாபுரத்துக் கன்னியம்மாள் உரமூட்டை ஏற்ற ஓட்டி வந்தது. கியர் போட்டுக் கிளட்சை விட்டாலும் என்ஜின்தான் உறுமியது, சக்கரம் அசையவில்லை.

"நாத்து பறிச்சி கட்டி வெச்சிட்டு வந்துகிறேண்ணே. நாளைக்கி காலையில நடவு ஆளுங்க வந்துடுவாங்க. இன்னிக்கே சேடை ஓட்டி வயல சேறாக்கலன்னா அத்தினியும் மாட்டுக்குத்தான்."

அன்பழகன் மெக்கானிக் சடையனுக்குப் போன் போட்டார். [இங்கே அவர் தானே கழற்றினார் என்று முந்தைய படியில் இருந்தது. அடித்துவிட்டேன். அடித்துவிட்டார்.]

3

கிளட்சு, என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற சாமான். அதன் முகத்தைப் பார்க்க வண்டியையே இரண்டாகக் கழற்ற வேண்டும். சடையன் கட்டை முட்டுக்கொடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினான். முன்பாதியை நாற்பது பேர் உருட்டினார்கள்.

("தெருவுல ஆம்பளைங்களே பதினாலு பேருதான்.")

நான்கு பேர். உள்ளே பிளேட் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. கடையிலிருந்து புதுசு வந்தது. அப்போதுதான் சடையன் தலையைச் சொறிந்தான்.

"புது பிளேட்ட நடு சென்டர்ல நிறுத்தி முடுக்கறதுக்கு ஒரு ஷாஃப்ட் வேணும் சார். போளூர்காரன் ஒருத்தன் வாங்கினு போனான். போன எடுக்க மாட்றான்."

"நிறுத்தாம மாட்டுனா?"

"ரெண்டு பாதியும் ஜென்மத்துக்கும் சேராது."

கன்னியம்மாள் வெயிலைப் பார்த்தாள். அதுதான் அன்பழகனை எழுப்பிவிட்டது. உள்ளே ஓடி, தறியில் பாவு நூலை மேலும் கீழுமாகப் பிரித்து நிறுத்துகிற மரக்கோலை ஒரே இழுப்பில்…

("உருவியிருந்தா பாவு மொத்தமும் சிக்காயிருக்கும். நீங்களும் இந்த வூட்ல இருந்திருக்க மாட்டீங்க.")

சரி. சுவரில் சாத்தியிருந்த உபரிக் கோல். சடையன் அதன் நுனியைச் சீவி என்ஜின் சக்கரத்தின் துளைக்குப் பொருத்தினான். பிளேட்டின் நடு ஓட்டைக்குள் அடித்து இறக்கினான். ஓட்டையின் உள்சுற்றில் பல் இருக்கும். பத்துப் பல். எதையும் எண்ணிவிடுவது கண்டக்டர் புத்தி.

("பத்தாம். கூட இருந்து எண்ணினாப்பல.")

பிளேட்டின் போல்ட்டுகளை முடுக்கியதும் கோலை உருவினார்கள். முன்பாதியை நால்வரும் பின்னோக்கித் தள்ள, அன்பழகன் பழைய விசிலை வாயில் வைத்தார். "ரைட்… ரைட்… ஓல்டேன். கொஞ்சம் லெப்ட்ல ஒடி. ரைட்." டொக்கென்று ஒரு சத்தம். இரண்டு பாதியும் சேர்ந்தன.

மூன்று மணிக்கு வண்டி புறப்பட்டது. கன்னியம்மாள் சீட்டில் ஏறி, கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விசில் குடுங்கண்ணே. குடுத்தாத்தான் எடுப்பேன்."

இரண்டு விசில் கொடுத்தார்.

4

மறுநாள் நடவு முடிந்ததென்று கன்னியம்மாள் போனில் சொன்னாள். ("போன்ல யார் வேணா பேசலாம்.") அதனால் கதைக்கு முடிவு இன்னும் வரவில்லை. மனைவி நம்பினாள் என்று ஒரு முடிவு எழுதினேன், பொய். கடைசிவரை நம்பவேயில்லை என்று இன்னொன்று எழுதினேன், கை வரவில்லை. முடிவை வாசகர் கையில் விட்டுவிட்டு, தாளை முதல் வாசகியின் தறிமேல் வைத்து வந்துவிட்டேன்.

தறிச் சத்தம் நின்றது. மூலையில் எதையோ தேடுகிற சத்தம். சன்னல் வெளிச்சத்தில் ராஜம்மாள் அந்தக் கோலைத் திருப்பித் திருப்பி விரலால் தடவுவதும் உதடு அசைவதும் இங்கிருந்தே தெரிந்தது. தாள் திரும்பி வந்தபோது அடியில் பென்சில் வரி இருந்தது:

"பத்து பள்ளம். ஒண்ணுக்கொண்ணு ஒரே அளவு. எந்த எலியும் இப்படி எண்ணிக் கடிக்காது. டிராக்டரு ரெண்டு டன்னுதான். மத்ததெல்லாம் நடந்துது."