ஒட்டிவைத்த எண்

அழைப்பு மையத்தில் அவளைப் பட்டியல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நேரத்தில் எந்த எண்ணுக்கு வரும் போன் யாரிடம் போகவேண்டும் என்று கணினியில் விதி எழுதி வைப்பது அவள் வேலை. வீடுகளுக்கு ஆக்ஸிஜன் மெஷின் கொடுக்கும் நிறுவனம் அது. பகலில் மட்டும் ஆள் எடுக்கும் எண்கள் மூன்று, எந்நேரமும் எடுக்கும் அவசர எண் ஒன்று.

அந்த மெஷின் ஒன்று அவள் அண்ணன் வீட்டிலும் ஓடியது. தனிக்கட்டை. நோய் நுரையீரலைத் தின்றாலும் அவர் வாயைத் தொடவில்லை. அவசர எண்ணை மெஷின்மேல் ஒட்டியவளே அவள்தான்.

"மெஷின் நின்னா எனக்கு அடிக்காதீங்கண்ணா. நான் பஸ்ல இருப்பேன், குளிச்சிட்டிருப்பேன். இதுக்கு அடிங்க, உடனே ஆள் எடுக்கும். சிலிண்டரோட வந்து நிப்பாங்க."

"உத்தரவு மகாராணி" என்றார் அண்ணன்.

வருடாந்திர விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, நாளை முழுக்க 'இன்று விடுமுறை, நாளை காலை ஒன்பது மணிக்கு அழையுங்கள், செய்தி இருந்தால் மணியோசைக்குப் பிறகு சொல்லுங்கள்' என்ற அறிவிப்பு ஒலிக்கும்படி விதி எழுதினாள். அறிவிப்பும் அவள் குரல்தான். கனிவான குரல் என்று மேலாளர் பேசவைத்திருந்தார். அந்தக் கணினியில் மேலே இருக்கும் விதி சொன்னதுதான் சட்டம். புதிதாக எழுதுவது தானாகப் போய் உச்சியில் உட்காரும். அவசர எண்ணின் விதியை மறுபடி அதற்கு மேலே ஏற்றவேண்டும். பிறகு புது விதியை ஒரு நிமிடம் ஓடவிட்டு, நான்கு எண்களுக்கும் தன் போனிலிருந்து அடித்துப் பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவள்.

அன்று பகல் எண்கள் மூன்றுக்கும் அடித்தாள். "வேன் கிளம்புதும்மா!" என்று வாசலிலிருந்து மேலாளர் கத்தினார். அவசர எண் என்றைக்கு மூடியிருக்கிறது, அதற்கென்ன சோதனை என்று கணினியை அணைத்துவிட்டு ஓடினாள். விதியை மேலே ஏற்றவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

விடுமுறையன்று திரைச்சீலைகளைத் துவைத்தாள். போன் பக்கத்திலேயே கிடந்தது, ஒருமுறைகூட அடிக்கவில்லை. வாழ்நாளில் யார் சொன்னதையும் கேட்காத மனிதருக்கு, அந்தப் பாழாய்ப்போன சொல்பேச்சு கேட்கும் புத்தி அன்றைக்குத்தானா வந்து தொலைய வேண்டும்! மாலையில் அண்ணனின் பக்கத்து வீட்டு டிரைவர் கதவை உடைத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மெஷின் நின்றுவிட்டது, அண்ணன் போய்விட்டார் என்ற அளவில்தான் எல்லாருக்கும் தெரியும். விடுமுறை விதி நாள் முடிந்ததும் தானாக அணைந்திருந்தது.

எட்டாம் நாள் வேலைக்கு வந்தவள், மனம் கேட்காமல் அன்றைய அழைப்புகளை எடுத்துப் பார்த்தாள். அவசர எண்ணுக்கு அண்ணனிடமிருந்து ஒன்பது அழைப்புகள். எட்டு அழைப்புகள் இருபது இருபது நொடி, அவள் அறிவிப்பின் நீளம். ஒன்பதாவது மட்டும் நீண்டிருந்தது. மணியோசைக்குப் பிறகு பேசியிருந்தார். ஹெட்போனைக் காதில் வைத்தாள்.

"குட்டி... மொதல்ல நீயே எடுத்துட்டன்னு நெனச்சேன்." இழுத்து இழுத்து மூச்சு. "நாளைக்குக் காலையில... ஒம்பது மணிக்கா? சரி... அடிக்கிறேன், மகாராணி."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "அடுத்த மாச லீவையும் போட்டுடும்மா. உன் குரலே இருக்கட்டும்."

"வேணாம் சார்" என்றாள். "எங்கண்ணன் கடைசியா கேட்டது அதைத்தான். ஒம்பது தடவை."