உரிமையாளர் லைனில் இருக்கிறார்

வண்டி இனி ஓடாது என்று சர்வேயர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதைச் சொல்ல இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வேண்டுமா? ஷெட்டின் கோடியில் எங்கள் லாரி கிடந்த கிடப்பைப் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கேபின் பாதியாகச் சுருங்கியிருந்தது. சேசிஸ், பிழிந்து போட்ட துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. தப்பான பக்கத்தில் ஏறி வந்த டிரெய்லருக்கு ஒதுங்கப்போய், பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதியிருந்தான் என் கொழுந்தன். இடது கால் முறிந்ததோடு அவன் பிழைத்ததே பெரிது.

சர்வேயர் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். டேப்பை இழுத்து எதையோ அளந்தார்.

"ரிப்பேர் செலவு வண்டி விலையத் தாண்டிடும்மா. முழு நஷ்டம்னே எழுதிடறேன். ஓனர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா மத்த வேலை நடக்கும்."

"அவரு லைன்ல இருக்காரு," என்றேன்.

லைனில் இருக்கிறார் என்றால் லோடு ஏற்றிக்கொண்டு தூரத்து ஊருக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். லாரிக்காரர் வீடுகளில் தண்ணீர் குடிப்பது மாதிரி வாயில் வரும் வார்த்தை.

சர்வேயர் பேனாவை மூடினார்.

"உங்களுக்கு இந்த ஒரு வண்டிதானே?"

"ஆமா."

"அது இங்க கிடக்கு. அப்ப அவரு எதுல லைனுக்குப் போனாரு?"

யாரோ தெரிஞ்சவர் வண்டியில் என்று மென்று விழுங்கினேன். அவர் நம்பினாரோ இல்லையோ, வியாழக்கிழமை உரிமையாளரை அடையாள அட்டையோடு ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் இறந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தன.

சரக்கு இறக்க வரிசையில் நின்றபோது, ஸ்டியரிங்கில் தலை வைத்தபடியே போய்விட்டார். எங்கள் தெருவுக்குத் தெரியும், சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் லாரிக்காரன் பெண்டாட்டிக்கு ஆள் இல்லாத வீடு ஒன்றும் புதிதில்லை. இருபது நாள் வரமாட்டார், ஒரு மாதம் வரமாட்டார். அப்படித்தான் பதினாறு வருடம் குடித்தனம் நடத்தினேன். அவர் போன பிறகும் முதல் ஒரு மாதம் வீட்டில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பிறகு, ஏன் மாற வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதனால் வண்டியை என் பேருக்கு மாற்றவில்லை. கொழுந்தன் ஓட்டினான். இன்சூரன்ஸ் புதுப்பிக்க வரும் ஏஜெண்டு வாசலில் நின்றபடியே, "சார் நல்லா இருக்காரா?" என்று கேட்பார். "நல்லா இருக்காரு, லைன்ல இருக்காரு," என்பேன். அந்த நிமிஷம் என் மனுஷன் ஏதோ ஒரு செக்போஸ்ட் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிற வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார். அதற்காகவே ஏஜெண்டுக்குச் சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுப்பேன். அவர் நீட்டும் காகிதத்தில் என் கணவர் கையெழுத்தை நானே போடுவேன். கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு. அசல் தோற்றுவிடும்.

புதன்கிழமை கொழுந்தன், கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். சர்வேயர் கேட்டதைச் சொன்னேன்.

"அண்ணி, உடம்பு சரியில்ல, வர முடியலன்னு சொல்லி, கையெழுத்த நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன். எப்பவும் போடறதுதானே?"

"மாட்டிக்கிட்டா?"

மாட்டினால் ஒரு காசு வராது. வராவிட்டால் இன்னொரு வண்டி கிடையாது. ஸ்டியரிங் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாதவன், இந்தக் காலை வைத்துக்கொண்டு எவனிடம் போய் வேலை கேட்பான்? உண்மையைச் சொன்னாலும் பணம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. செத்தவர் பேரில் இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறேன். இதையெல்லாம்விட ஒரு பயம் எனக்கு. உண்மையைச் சொன்னால் அவர் நிஜமாகவே லைனில் இல்லாமல் போய்விடுவார்.

வியாழக்கிழமை தனியாகப் போனேன். அதிகாரி என் வயதுப் பெண்மணி. மேஜை முழுக்க ஃபைல்கள், நடுவில் மூடி வைத்த சாப்பாட்டு டப்பா.

"சார் வரலியா?"

லைன்ல இருக்காரு என்று நாக்கின் நுனிவரை வந்தது. அந்தப் பெண்மணிக்குப் பின்னால் சுவரில் எங்கள் வண்டி மாதிரியே ஒன்று, புத்தம்புதுசாக, காலண்டரில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே டிரைவர் சீட்டில் யாருமில்லை.

"அவரு இறந்துட்டாரு," என்றேன்.

அந்த வார்த்தையை என் குரலில் நான் கேட்டது அன்றுதான். அதிகாரி எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். எப்போது என்று கேட்டார். சொன்னேன். ஃபைலைப் புரட்டியவர் முகம் மாறிற்று.

"அதுக்கப்புறம் ரெண்டு தடவ புதுப்பிச்சிருக்கீங்களே. கையெழுத்து யாரு போட்டது?"

"நான்தான்."

"இத எங்கிட்ட இவ்ளோ பளிச்சுனு சொல்றீங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு உங்க கையாலயே எழுதிக் குடுங்க. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் ரெண்டையும் சேர்த்து மேல அனுப்பிப் பாக்கறேன்."

எழுதினேன். அவர் போனால் இருபது நாள் வரமாட்டார், இந்தத் தடவை கொஞ்சம் கூட நாளாகிறது என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது, பேரை எடுத்துவிட்டால் அவர் திரும்பி வரும்போது வண்டி அவருடையதாக இருக்காதே என்று இருந்தது. இப்படியே முக்கால் பக்கம்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"இப்படி எழுதினா மேல யாரும் ஏத்துக்க மாட்டாங்கம்மா. 'அறியாமையால் செய்துவிட்டேன்'னு ஒரே வரி எழுதுங்க. போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானா அறியாதவள்? ஒவ்வொரு எழுத்தையும் தெரிந்தே போட்டவள். ஆனால் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவன் ஞாபகம் வந்தது. புதுத்தாளில் அறியாமையால் என்று எழுதி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். அவருடைய கையெழுத்தளவு அது எனக்குப் பழக்கமில்லை. கோணலாக விழுந்தது. முதல் தாளை அதிகாரி கிழிக்கவில்லை. மடித்து என்னிடமே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னாச்சு அண்ணி?"

"பணம் வரும் போலிருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்குவாங்களாம், ஒரு மாசமாகுமாம்."

"அண்ணன் வரலியேன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. அண்ணன் இறந்துட்டாருன்னு சொல்லிட்டேன் தம்பி."

அவன் முகம் கோணியது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். தோள் குலுங்கிற்று. என்னைப் பார்க்காமலே பேசினான்.

"வீட்ல உங்க முன்னாடி எப்படி அழறதுன்னு, இத்தன நாளும் வண்டியிலதான் அண்ணி அழுதேன். லோடு ஏத்திக்கிட்டு ஊரத் தாண்டினதும் அழுவேன். இப்ப வண்டியும் இல்ல."

"இங்கயே அழு," என்றேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் காலுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.